புது ஆணி

தூசி தட்டப் போன ராகேலின் கை அந்தரத்தில் நின்றது. மர உருவத்தின் விலாவில் இன்றைக்கும் ஒரு புது ஆணி.

மற்ற ஆணிகளெல்லாம் துருவேறிக் கறுத்தவை. இது மட்டும் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்ததுபோலப் பளபளத்தது. நேற்று தோளில் ஒன்று, அதற்கு முந்தின நாள் வயிற்றில் ஒன்று. யாரோ தினமும் அடிக்கிறார்கள்.

காங்கோவில் நர்ஸாக இருந்த காலத்தில் அவளைப் பிடித்துக்கொண்ட பைத்தியம், அந்த ஊர்ச் சாமான்களைச் சேர்ப்பது. முகமூடிகள், பனைநாரில் நெய்த துணிகள், கூடைகள், மாவுச் சாக்கில் தீட்டிய தெரு ஓவியங்கள் என்று திருவனந்தபுரத்து வீட்டின் மாடி அறை நிறைந்து போயிருந்தது. இடுப்புயரத்துக்கு நிற்கும் இந்த ஆணி மனிதனை ஓணத்துக்கு முன்னால்தான் மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தாள்.

வேலைக்கு வரும் மாடம்மாள் அறை வாசலைத் தாண்டவில்லை.

"நான் தொடலக்கா. அது மூஞ்சியப் பாத்தா ராத்திரி உறக்கம் வராது. எதுக்கு இம்புட்டு ஆணி அடிச்சிருக்காவ?"

"அது காங்கோவுல உள்ள வழக்கம், கேட்டியா. சத்தியம் பண்ணினா ஒரு ஆணி அடிப்பாங்க. ஒருத்தன் நாசமாப் போகணும்னு நெனச்சாலும் அடிப்பாங்க. அடிச்சா இது போயி அந்த ஆளப் புடிக்கும்னு நம்பிக்க."

"அப்பம் இங்க யாரப் புடிக்கதுக்கு அடிக்காவ?"

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதே கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவள் ராகேல். ரெஜிகூடப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். இப்போது அவள் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அந்த வீட்டில் இருப்பது அவளும் கணவன் ரெஜியும் மட்டும்தான்.

இந்த உருவம் வந்த வாரத்தில் இருவருக்கும் பெரிய சண்டை. ராகேல் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். "நீங்க செத்தாக்கூட நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்பதுவரை சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு ரெஜி ஆளே மாறிப்போனான். தம்பானூரில் தன் எலக்ட்ரிக்கல் கடையைப் பூட்டியதும் சிநேகிதன் அஜீஷோடு போய்விட்டு நேரம் கழித்து வருகிறவன், இப்போது நேரே வீட்டுக்கு வந்து, அவள் சாயங்கால ஜெபத்துக்குப் போயிருக்கையிலேயே மாடி ஏறிவிடுகிறான். சோறு இறங்குவதில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் வேர்த்துக் கொட்டுகிறது. முந்தாநாள் வெறும் சுவரைக் காட்டி, "எறும்பு பாரு, கூட்டமாப் போகுது" என்றான். சுவரில் எதுவும் இல்லை.

மத்தியானம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்து உதறியபோது, பையிலிருந்து தரையில் ஆணிகள் சிதறின. ராகேல் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள்; மாடியில் பார்த்த அதே பளபளப்பு.

மாடம்மாள் வேலை முடித்துக் கிளம்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னும் கொஞ்ச நேரம் கூட இரியேன்."

"பஸ்ஸு போயிரும்க்கா. மொதல்ல அந்தச் சனியனத் தூக்கிக் கடல்ல போடுங்க. இல்லன்னா அண்ணன் வீட்டுல போயி நாலு நாள் இருந்துட்டு வாங்க."

அண்ணன் வீடு மார்த்தாண்டத்தில். ராகேல் ஒரு பையில் இரண்டு புடவைகளைத் திணித்துக்கொண்டிருந்தபோதே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மழையில் நனைந்தபடி ரெஜி வந்துவிட்டான். அவளை அழைக்கவில்லை, தலையைக்கூடத் துவட்டவில்லை. மாடிப்படியில் அவன் காலடி மெல்ல ஏறிப் போனது.

பிறகு ஆரம்பித்தது. டக். டக்.

ஒவ்வொரு அடியும் அவள் நெஞ்சில் விழுந்தது. பின்வாசல் திறந்துதான் கிடந்தது; பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவன் தன்னைச் சபிக்கிறானா என்று தெரியாமல் எங்கே போய் எப்படிக் கண்ணை மூடுவது? பையை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள்.

மழை மூட்டத்தில் அறை இருண்டு கிடந்தது. சுவரிலிருந்த முகமூடிகள் எல்லாம் அவளையே பார்த்தன. ரெஜி உருவத்தின் முன்னால் முழங்கால் போட்டிருந்தான். சுத்தியல் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

"இஞ்ச பாருங்க." வாசலிலேயே நின்றாள். "நான் சாகணும்னா இத அடிக்கீங்க?"

அவன் திரும்பினான். கண்கள் குழிவிழுந்து, உதடு வெளுத்திருந்தது. சுத்தியலோடு எழுந்து அவளை நோக்கி வந்தான். ராகேல் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினாள். மிக அருகில் வந்துவிட்டான். அவனிடமிருந்து மழைவாடை மட்டும் அடித்தது.

சுத்தியலின் பிடியை அவள் பக்கமாக நீட்டினான்.

"கை நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு உள்ள ஆணிய நீ அடிச்சுத் தா."

"எதுக்கு அடிக்கணும்? யாருக்கு உள்ள ஆணி இது?"

ரெஜி தலையைக் குனிந்துகொண்டான்.

"குடிக்காம இருந்த ஒவ்வொரு நாளைக்கும் ஒண்ணு, ராகேல்."