வெட்டுவதற்கு ஒரு பந்தி

தொண்ணூறாவது நாள் பகல் இரண்டு மணிக்கு, ஸகியா தன் கணவனின் கதிரையில் உட்கார்ந்து, கணவனின் பெயரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்.

காத்தான்குடி மெயின் வீதியில் அவனுடைய கம்பியூட்டர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் கரடியனாற்றுத் திசையில் ஷெல் குண்டு விழும்போதெல்லாம் மேசை ஒருமுறை நடுங்கியது.

கணவன் பதியுதீன் மூன்று மாதத்துக்கு முன் வாழைச்சேனைக்குப் பிரிண்டர் ஒன்று திருத்தப் போனவன். மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டமாவடிப் பாலத்தடியில் நின்றது. இலக்கத் தகடில்லாத வான் வண்டியில் ஆளை ஏற்றியதைப் பார்த்ததாக மூன்று பேர் சொன்னார்கள். அப்படிச் சொல்லவேயில்லை என்று பிறகு அதே மூன்று பேரும் சொன்னார்கள்.

அவனுக்குக் கடை பாதி உயிர். மீதிப் பாதி ஒரு கம்பைலர்.

மனிதர் எழுதும் புரோகிராமை மெஷினுக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்கிற சாமான் அது. ஏழெட்டு நாட்டுக்காரர் கூலி வாங்காமல் செய்து, விலை போடாமல் கொடுப்பது. அதன் கையேடு பதியுதீனின் பொறுப்பு. கம்பைலரில் ஒன்று மாறினால் கையேட்டிலும் மாற்ற வேண்டும். ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொள்வது மாதிரி, முடிந்தது என்று எழும்பவே முடியாத வேலை.

"விலையும் இல்ல, கல்லாப்பெட்டியும் இல்ல. இப்பிடி ஒரு கடைக்குக் காவல் இருக்க என்ட மகன்தான் கிடைச்சானா?" என்பார் அவன் வாப்பா முகைதீன்பாவா. நாற்பது வருஷம் ஆண்கள் உடுக்கும் சாரம் விற்ற மனிதர்.

அந்த விலையில்லாக் கடைக்கும் ஒரு சட்டம் இருந்தது. தொண்ணூறு நாள் ஒருவனிடமிருந்து வேலை வராவிட்டால், பராமரிப்பவர் பட்டியலிலிருந்து அவன் பெயர் இறங்கி, 'முன்னாள்' என்ற தலைப்புக்குக் கீழே போய்விடும். பட்டியலைப் பார்ப்பவன் ஒல்லாந்தில் இருந்தான். அவன் முன்னோர் மட்டக்களப்பில் கோட்டை பிடித்து ஆண்டுவிட்டுப் போனார்கள். இவன் கணக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஸகியாவுக்கு அந்த ஒரு சொல்லில்தான் பயம்.

போன கிழமை பக்கத்து வீட்டு ஹிதாயா வட்டிலப்பத்தோடு வந்தாள். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தா பற்றி மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாமா என்று மெதுவாக இழுத்தாள். வட்டிலப்பம் வந்த கோப்பையோடு திரும்பிப் போயிற்று.

எங்கேயாவது ஒரு பட்டியல் அவனை முன்னாள் ஆக்கிவிட்டால், மற்றப் பட்டியல்களுக்கெல்லாம் துணிவு வந்துவிடும்.

ஆகவே அவனுடைய பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பைலர் புதிதாகக் காட்டும் ஓர் எச்சரிக்கைக்கு விளக்கம் எழுதினாள். வரி விட்டுப் பிரித்து, ஏழு பந்தி. டியூஷனில் இங்கிலிஷ் படிப்பிப்பவள். அவன் எழுதியதையெல்லாம் வாசித்துத் திருத்தியவளும் அவள்தான். உதாரணங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். அவன் 'வணக்கம்' போடுவது போலப் போட்டாள், அவன் பெயரைச் சுருக்குவது போலச் சுருக்கினாள்.

"அனுப்பிட்டன் மாமா," என்றாள்.

ஷட்டர் ஓரம் உட்கார்ந்திருந்த முகைதீன்பாவா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"வெட்டுறதுக்கு ஒரு துண்டு வெச்சனுப்பினியா புள்ள?"

ஸகியா அனுப்பியதை மறுபடி திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

எழுநூறு ரூபாய்ச் சாரத்துக்கு முகைதீன்பாவா ஆயிரம் சொல்வார். வாங்க வந்தவன் முந்நூறை வெட்டி, யுத்தம் வென்ற முகத்தோடு போவான். வெட்ட இடம் வைக்காதவனிடம் ஒருவனும் வாங்கமாட்டான் என்பது அவர் கண்ட உண்மை.

மகன் அந்த வித்தையை ஒல்லாந்தனிடமும் காட்டினான். எதை அனுப்பினாலும் நடுவே தேவையில்லாத ஒரு பந்தியைச் செருகிவிடுவான். ஒல்லாந்தன் அதைக் கண்டுபிடித்து, வெட்டி, மனம் குளிர்ந்து, மீதியை அப்படியே ஏற்றுக்கொள்வான். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாப்பாவும் மகனும் இதைச் சொல்லிச் சிரித்துப் புரையேறுவார்கள்.

எல்லாவற்றையும் அவனைப் போலவே செய்தவள் அதை மறந்திருந்தாள்.

அனுப்பியதைத் திருப்பி வாங்க வழியில்லை. ஒல்லாந்தன் இப்போது வாசித்துக்கொண்டிருப்பான். வெட்ட ஒன்றும் அகப்படாது. இது பதியுதீனின் கை இல்லை என்று தெரிந்துவிடும். ஆள் எங்கே என்று கேட்பான்.

வந்துவிடுவான் என்று பொய் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். உண்மையைச் சொன்னால், முன்னாள்.

"வெச்சன் மாமா," என்றாள்.

மறுபடி ஷெல். திரை ஒரு கணம் மங்கித் தெளிந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க அவள் விசைப்பலகையின் தூசியைத் துடைத்தாள். அவன் விரல் தேய்த்து எழுத்து அழிந்த விசைகளை மட்டும் துடைக்காமல் விட்டாள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கப் பதில் வந்தது. மாமாவுக்காகத் தமிழில் சொல்லி வாசித்தாள்.

'நன்றி, பதி. வழக்கம்போல ஒரு பந்தி கூடுதல், அதை வெட்டிவிட்டேன். மற்றதெல்லாம் சேர்த்தாயிற்று. பட்டியலில் மாற்றம் எதுவும் இல்லை.'

"வெட்டிட்டானா கள்ளன்! எனக்குத் தெரியும், அவன் வெட்டாம விடமாட்டான்!" தொண்ணூறு நாளில் முதல்தடவையாக முகைதீன்பாவா தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஸகியா கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திரையில் விரலை வைத்து, தான் அனுப்பிய பந்திகளை மேலிருந்து எண்ணினாள். கீழிருந்து மறுபடி எண்ணினாள்.

ஏழு.