கப்பலுக்குத் தண்ணீர்

இஸ்திரி போட்டுக்கொண்டே போனில் கதை கேட்பது பேச்சியம்மாளின் வழக்கம். நாலு நாளாக ஒரே கதை. ஆற்றில் வெள்ளம் வந்ததால் அரசனின் படை அக்கரை போக முடியாமல் நின்றது. அடுத்த அத்தியாயத்தில், விண்கப்பலில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோனது. அவள் கை தானாக வேகமெடுத்தது.

சட்டை வாங்க வந்த வாத்தியார் காதுகொடுத்துவிட்டுச் சிரித்தார். "இது ரெண்டு புக்கும்மா. ஒண்ணு பழைய காவியம், ஒண்ணு விண்வெளி நாவல். மாறி மாறி ஓடுது. குடுங்க, சரி பண்ணித் தரேன்."

"தொடாதீங்க சார்!" போனைத் துணிக் குவியலுக்குள் ஒளித்தாள். "அவங்களுக்குத் தண்ணி வேணும், இவங்க ஆத்தைத் தாண்டணும். கப்பல் இப்பதான் கீழ இறங்குது."

துணிகளுக்குள்ளிருந்து அடுத்த அத்தியாயம் தொடங்கியது. படையின் குதிரைகள் எல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கனைத்தன.

வாத்தியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.