ஆளுக்கு ஒரு துண்டு

தம்பியைக் கேட்டால் அந்த நாயின் உயிருக்கு விலை நாற்பதாயிரம். விடுமுறை விருந்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுகிறான். மாடி அறையில் விட்டுக் கதவைச் சாத்துடா என்று அக்கா காலையிலேயே சொன்னாள். இவ்வளவு கொடுத்து வாங்கியதைப் பூட்டியா வைப்பார்கள் என்று சிரித்தான். கேட்டில் மட்டும் 'நாய் ஜாக்கிரதை' பலகை ஜம்மென்று தொங்குகிறது, ஆபத்து என்னவோ வருகிறவர்களுக்குத்தான் என்பது போல. இப்போது மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து, வழித்தெடுத்த சாக்லேட் கேக் தட்டின் மேல் விழுகிறது. சோபாவுக்கு அடியில் நாய் நடுங்குகிறது. வாயோரம் நுரை, தையல் மெஷின் மாதிரி ஓடுகிற நெஞ்சு. அதன்மேல் ஒரு கையை வைத்தபடி அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மறு கையில் போன், ஸ்பீக்கரில் கால்நடை டாக்டர். "நாய்க்கு சாக்லேட் விஷம்மா. உடனே தூக்கிட்டு வாங்க. எவ்வளவு தின்னுச்சு?" அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள். சென்ட்டும் சலவைச் சட்டையுமாகச் சபை நெளிகிறது. "நான் ஒரே ஒரு துண்டுதாம்மா போட்டேன்," என்கிறார் சித்தப்பா, அன்னதானம் செய்தவர் தோரணையில். "பாவமாப் பாத்துச்சு, நானும் ஒரே ஒரு துண்டுதான்," என்று சித்தி விரலில் ஒட்டிய கிரீமை நக்குகிறாள். "நாமளும்தான் தின்னோம், நமக்கென்ன ஆச்சு?" என்கிறார் பெரியப்பா, ஏப்பத்தோடு. "நாற்பதாயிரம்க்கா," என்று தம்பி முனகுகிறான். அக்கா அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொரு முகமாக எண்ணி முடித்து, நாயைப் புடவைத் தலைப்பில் வாரி எடுத்துக்கொண்டே சொல்கிறாள்: "ஒரே ஒரு துண்டுதான் டாக்டர். போட்டவங்க ஒன்பது பேரு."