தடிமனுக்குச் சொந்தக்காரன்

கப்பல் ஊதுகிறது. துறைமுக வீதி மண்டபத்தில் கொரோனா ஊசி போடுகிறார்கள். மீன் வியாபாரி பாயிஸ் கதிரை நுனியில் உட்கார்ந்து, தன் இரத்தப் பரிசோதனைத் தாளால் விசிறிக்கொள்கிறார்; வியர்வைக்குக் காரணம் ஊசிப் பயம். "கொரோனாவுக்கு எதிரான சக்தி என்ட இரத்தத்தில இருக்காம் மிஸ். எனக்கு ஊசி தேவல்ல. இனிக் குசினிக்குள்ள பொஞ்சாதிக்குப் பக்கத்தில இருந்தே சாப்பிடலாம்." மனைவி நஜ்முன் நிஸாவுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். சந்தையில் பலரோடு புழங்குகிறவர் என்பதால் இத்தனை நாளும் அவருடைய சோற்றுப் பீங்கான் அடுப்படிக்கு வெளியே வாசற்படியில்தான். அவள் உள்ளே தள்ளி இருந்து கதை கொடுப்பாள். தாதி ஜெயரூபி தாளை வாசிக்கிறாள். "சும்மா சளி, தடிமன் தாற கிருமிகளிலயும் சிலது கொரோனாவுக்குச் சொந்தம், பாயிஸ் நானா. அதுகளுக்கெண்டு உடம்பில உண்டான சக்தியையும் இந்தச் சோதனை சிலநேரம் கொரோனாவுக்கெண்டு காட்டும்." "என்ட தம்பியத் தேடின பொலிஸ்காரன், சாயலப் பாத்து என்னப் பிடிச்ச மாதிரியா?" "ஓம். இத நம்பி அவவுக்குப் பக்கத்தில போக ஏலாது." பாயிஸ் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். ஜன்னல் வெயில் ஊசித் தட்டில் மினுங்குகிறது. சூரை மீனை ஒரே வெட்டில் துண்டாக்கும் கை, சட்டையைத் தோள்வரை சுருட்டுகிறது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கிக்கொள்கிறார். "முடிஞ்சுதா மிஸ்?" "நான் இன்னும் பஞ்சையே எடுக்கேல்ல, நானா."