கிணற்று ஆமை

தெருக்கிணற்றைத் தூர்வாரத் தொடங்கிய அன்று, அதில் கிடந்த ஆமையைச் சவரிமுத்து வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் விட்டார்கள். மனைவி இறந்தபிறகு ஜன்னல்கூடத் திறக்காத வீடு அது. பதினெட்டாம் நாள் ஊற்றுக்கண் திறந்து, தண்ணீர் ஓராள் உயரத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் ஆமை திரும்ப இறங்கும்வரை யாரும் குடம் நனைப்பதில்லை என்பது அந்தத் தெருவின் வழக்கம். வேலையை முன்னின்று நடத்திய ரெஜினா, ஆமையைக் கொண்டுவரச் சொல்லிச் சவரிமுத்துவைக் கூப்பிடப் போனபோது ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. அவர் தொட்டியோரம் உட்கார்ந்து கீரையைக் கிள்ளிப் போட்டபடி ஆமையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று எழுந்தார்.

"தண்ணி இன்னும் தெளியலையேம்மா. கலங்கல்ல எப்படி விடுறது?"

ரெஜினா கிணற்றடிக்குத் திரும்பி வந்தாள். காலிக் குடங்களோடு தெருவே கிணற்றைச் சுற்றி நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம்.

"கலங்கலாத்தான் இருக்கு," என்றாள். "இன்னும் ரெண்டு நாளைக்கு லாரித் தண்ணியே பிடிப்போம்."

பக்கத்தில் நின்றவளும் குனிந்து பார்த்தாள். பிறகு சவரிமுத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆமாக்கா," என்று காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஒரே சேறு."