பதினோரு கல்

ஜலீல் பாய் ஆறாவது கல்லையும் பள்ளத்தின் விளிம்பில் எடுத்து வைத்தார். ஸ்ரீவத்சன் ஹெல்மெட் பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

கசார்வாடியில் தண்ணீர் பைப் பதிக்க வெட்டிய பள்ளம் அது. அதற்குள் காலை ஏழு மணியிலிருந்து மல்லாந்து படுத்திருக்கிறார், எதிரே மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய். பழைய பைப் எட்டு மாதத்தில் மூன்று முறை உடைந்து, மூன்று முறையும் அவர் கடைக்குள்தான் வெள்ளம். புது பைப் போட வந்த இன்ஜினியருக்கு மாலை போடுவார் என்று பார்த்தால், கல் அடுக்குகிறார். ஸ்ரீவத்சன் படித்த நாலு வருஷத்தில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

கடைக்கு வழி போய்விடும் என்ற கோபமோ என்று, பலகை போட்டுத் தருவதாகச் சொன்னான். "ஒம் பலகைய நீயே வச்சுக்க" என்று இடுப்புக்குக் கீழே கைவிட்டு ஏழாவதை உருவினார் பாய்.

வேலை இழுக்குமோ என்ற பயமாயிருக்கும். மணல் லாரி இன்னும் தளேகாவ் ஊரிலேயே நிற்பதாகவும், அதற்குக் காத்திராமல் இன்றைக்கே பைப்பை இறக்கி மூடிவிடுவதாகவும் சத்தியம் செய்தான். பாய்க்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்றையும் சேர்த்து விளிம்பில் அறைந்தார்.

கிரேனில் கறுப்பு பைப் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஸ்ரீவத்சனுக்கும் பொறுமை போய்விட்டது.

"போலீஸக் கூப்பிடுவேன் பாய். கல்லு வீசினா கேஸ் ஆயிடும்."

பாய் முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகில் நாலு இடத்தில் கிழிந்திருந்தது. ஒரு இடத்தில் ரத்தம். பதினோராவது கல்லை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கத்தி மாதிரி குத்தியது.

"யாரு வீசப் போறா? அரை நாளு படுத்ததுக்கே என் முதுகு கிழிஞ்சிட்டு. பழைய பைப்பும் இப்படிக் கல்லு குத்தித்தான் ஒடைஞ்சுது. ஒம் பைப்பு இது மேல அம்பது வருசம் கெடக்கணும்லா?"

மறுபடி அதே இடத்தில் படுத்துக்கொண்டார்.

"மெத்த விக்கவன் சொல்லுதேன் தம்பி, மொதல்ல அடியில மணலப் போடு."