பதிலுக்கு முன்

பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன அம்மா மனதில் நினைப்பதை, கட்டிலருகே இருந்த கணினிதான் பேசியது. ஒவ்வொரு பதிலுக்கும் நாலைந்து மூச்சு தாமதித்தது. மாலை வகுப்பில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்ட, படித்த மகன் செல்வின், சரிதானா என்ற சந்தேகத்தோடே, சூட்டைப் பார்த்துப் பார்த்து வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினான்.

சாயங்காலம் வழக்கம்போல் அத்தை கஞ்சி ஊட்ட வந்தாள்.

"தினமும் வந்து தொணதொணக்கேன். சலிப்பா இல்லையா மைனி?"

"சலிப்பாதான் இருக்கு," என்றது கணினி உடனே.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அம்மாவின் கண்கள் கலங்கின. நாலைந்து மூச்சு தன்னை அடக்கிக்கொண்ட பிறகு, "நீ வராம எனக்கு வேற யாரு உண்டு?" என்று குரல் வந்தது.

"அதான் முதல்லயே சொல்லிட்டியளே," என்று அத்தை சிரிக்கப் பார்த்தாள். மிச்சக் கஞ்சியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுப் போனாள்.

கணினியின் பழைய தாமதத்துக்குள்தான் அம்மா முதல் நினைப்பை விழுங்கி, மாற்றிச் சொல்லிவந்தாள் என்பது செல்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. தலை நிமிராமல் வேகத்தைப் பழையபடி குறைத்தான்.

"மன்னிச்சிரும்மா."

கணினி நாலைந்து மூச்சு பேசாமல் இருந்தது.

"பரவாயில்ல மக்கா," என்றது பிறகு.

முதலில் என்ன நினைத்தாள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.